தட்டு மாற்றும் முன் சொல்லாதது

என் ஆசை சாந்தா அக்காவுக்கு,

செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, என்ன செய்ய?

போன மாதம் உன் மகன் தினேஷ் வந்தான். என் மகள் கார்த்திகாவுக்கான முகூர்த்தப் புடவையை நானே நெய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை முறுக்கோடு வருவான் என்று பார்த்தால், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான்.

"மாமா, அம்மாவுக்கு வந்தது வெறும் வயித்துக் கட்டி இல்ல, சினைப்பையில கேன்சர். வழிவழியா வர்ற ஜீன் கோளாறுன்னு ரத்தத்துல கண்டுபுடிச்சிட்டாங்க. உங்க தம்பிக்கும் சொல்லுங்கம்மான்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களாம். கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாங்க. எனக்கு மனசு கேக்கல மாமா."

"அம்மாவுக்கு எப்பப்பா தெரியும்?"

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே."

தெரிந்துகொண்டேதான் வந்தாயா அக்கா? என் பெண்ணை உச்சி முகர்ந்து, "இனிமே இவ என் பொண்ணுடா" என்றாயே, அப்போதும் உனக்குத் தெரியுமா? தம்பி பெண் கொடுக்க மாட்டான் என்று பயந்தாயா? என்னை அவ்வளவுதான் எடைபோட்டு வைத்திருந்தாயா?

பெண்களுக்கு வருகிற நோய், ஆம்பளை எனக்கென்ன என்று நானும் அசட்டுத் தைரியத்தில்தான் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறதாம். அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வருமாம். தினேஷுக்கும் இருக்கிறது. கார்த்திகாவுக்கும் இருந்துவிட்டால், சொந்தத்தில் முடிக்கிற இவர்களுடைய குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடும் என்றார் டாக்டரம்மா.

ஆனால் கேள். முன்பெல்லாம் போல இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லையாம். முன்கூட்டியே தெரிந்தால் நோய் வராமல் தடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இந்தக் கோளாறுக்கென்றே மாத்திரைகள் வந்திருக்கின்றன. என் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த அவகாசத்தைத்தான் நீ தாம்பூலத் தட்டுக்கு அடியில் மறைத்தாய்.

ஏனாத்தூர் காலேஜில் உளவியல் படிக்கிற கார்த்திகா உனக்காகப் பரிந்து பேசுகிறாள். "கெட்ட செய்திய மனுசங்க ஏன் மறைக்கிறாங்கன்னே ஆராய்ச்சி பண்றாங்கப்பா. அத்தை பயந்துட்டாங்க, பாவம்." பயந்தாய், சரி. பயந்தவள் என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்?

திங்கட்கிழமை அவளுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். தினேஷும் கூட வருகிறான். கல்யாணத்தைப் பற்றி அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உன் முதல் வருஷத் திதிக்குச் சித்தப்பா பிள்ளைகள், அவர்கள் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். நீ எதில் செத்தாய் என்பதை இலை போடுவதற்கு முன்பே அத்தனை பேரிடமும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் உன் படத்துக்கு மாலை போடுவேன்.

நீ நம்பியிருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிற,
உன் தம்பி