மூத்தாளுக்கும் எனக்கும் ஒரே ஷெட்

ஜூன் 4, புதன்

கடை உரிமையாளர் இன்று வாய் திறந்துவிட்டார். மருமகனுக்கு செல்போன் கடை வைத்துக் கொடுக்கப் போகிறாராம். மாதக் கடைசிக்குள் என் தையல் மிஷின்களை எடுத்துவிட வேண்டுமாம். "நீங்க நல்லவங்க, அதான் முன்கூட்டியே சொல்றேன்." நல்லவளாக இருந்து கண்ட பலன் இதுதான்.

வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் ஷெட் இருக்கிறது. நல்ல வெளிச்சம், தெருவைப் பார்த்த கதவு. ஆனால் அதில் மூத்தாள் படுத்திருக்கிறாள்.

ஜூன் 5

மூத்தாள் என்றால் இவருடைய கார். எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்தவள். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஓடாமல் நின்றாள். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, இவள் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வாரம் தவறாமல் இவர் துடைத்துவிடுவார். என் மிஷினை ஒருநாள் துடைத்திருப்பாரா?

சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "ஓடாத காருக்கு ஒரு அறை, உழைக்கிறவ நடுத்தெருவிலயா?"

"ஓடும்" என்றார்.

"எப்போ?"

"மாசக் கடைசிக்குள்ள."

அதையே ஒப்பந்தமாக்கிக்கொண்டோம். அதற்குள் தன் காலில் வெளியே வந்தால் ஷெட் அவளுக்கு. வராவிட்டால் அவள் பழைய இரும்புக் கடைக்கு, ஷெட் எனக்கு. சந்தோஷமாகத் தலையாட்டினேன். இவர் இந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றியதில்லை.

ஜூன் 9

புது பேட்டரி போட்டு சாவியைத் திருப்பினார். 'டொக்.' மறுபடி 'டொக்.' அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்தார். எதற்கும் "ஆகட்டும்" என்பதால் தெருவில் அவர் பெயரே ஆகட்டும். "இன்ஜின் இறுகிப் போச்சு சார். பிளக்கைக் கழட்டிட்டு உள்ள எண்ணெய் ஊத்தி ஊற விடுங்க. அவசரப்பட்டா உள்ள எதாவது உடைஞ்சுடும்."

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். மனசு, வெட்டும் மேஜையை ஷெட்டில் எந்த மூலையில் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் 12

இன்று முன்பக்கம் கைப்பிடியை மாட்டி இவர் சுற்றினார். அசையவில்லை. சும்மா டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நான், "தள்ளுங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தியதில் முனகிக்கொண்டே சுற்றியது.

இவர் சிரித்த சிரிப்பு... எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

ஜூன் 13

காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு. பிரித்துப் பார்த்தால் ஊதா நிறப் பட்டுத்துண்டு. டீச்சரம்மாவின் ரவிக்கைத் துணி. வீட்டில் வைத்துத் தைத்தபோது காணாமல் போய், அந்த அம்மா என்னைத் திருடி என்று மட்டும்தான் சொல்லவில்லை. திருட்டுச் சொத்து முழுக்க மூத்தாள் வயிற்றில்.

ஜூன் 16

ஸ்டார்ட் ஆகவில்லை. இருமுகிறது, வெடிக்கிறது. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம்.

ஆகட்டும் பார்த்தார். நாலு பிளக்குக்கும் போகிற வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இவர் நாலையும் ஒரேயடியாகப் பிடுங்கியிருக்கிறார். எது கை, எது கழுத்து என்று குறிக்காமல் யாராவது துணியில் கத்திரி வைப்பார்களா? அவரைச் சரியான வரிசையில் மாட்டச் சொல்லி, நாலிலும் நாலு நிற நூல் கட்டிக் கொடுத்தேன்.

நான் யார் பக்கம்?

ஜூன் 18

ஓடுகிறாள். ஆனால் கரும்புகை கக்குகிறாள். தப்பு என்னுடையது.

கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற பொடித் துளை ஒன்று, ஜெட் என்கிறார்கள், பிசின் மாதிரி அடைத்திருந்தது. ஊசி எடுத்தே பழகிய கை. நுழைத்து நன்றாகக் குடைந்தேன். பித்தளைத் துளை பெரிதாகி, இப்போது பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது.

ஆகட்டும் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை யாரு சார் குத்தினது?"

"நான்தான்" என்றார் இவர், பட்டென்று.

நான் ஆகட்டுமுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 21

புது ஜெட், புகை இல்லை. இப்போது கியர் விழவில்லை. கிளட்சை மிதித்தாலும் கறகறவென்று அலறுகிறது.

"கிளட்ச் தட்டு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சும்மா. மிதிச்சாலும் பிரியாது. இத்தனை வருஷம் ஒரே இடத்துல ஒண்ணாவே கிடந்தா அப்படித்தான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூன் 24

வேறு இடம் கிடைக்கவில்லை. பார்த்த இரண்டு கடைக்கும் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றியது. படுக்கையறையில் மிஷினைப் போட்டால் அளவு கொடுக்க வருகிறவர்கள் கட்டில்மேல் ஏறித்தான் நிற்கணும். யாரு வருவா? ஏன்டி, உனக்குக் கிடைக்க இருந்த இடத்துக்கு நீயே கொள்ளி வைக்கிறியே — நூல் கட்டினியே, கைப்பிடி சுத்தினியே...

அழுதேன். இவர் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார்.

ஜூன் 27

பின்சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார்கள். கியரைப் போட்டுவிட்டு அப்படியே ஸ்டார்ட். சக்கரம் அந்தரத்தில் சுழல, இவர் கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டே பிரேக்கை அழுத்தினார். 'படீர்.'

பிரிந்துவிட்டது.

ஜூன் 30

மூத்தாள் தன் காலில் வெளியே வந்தாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாள். தோற்றவள் நான், கைதட்டினதும் நான்.

திரும்பி வந்து ஷெட் வாசலில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். விழவில்லை. ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் கியர் கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ம்ஹும்.

"அப்படியே முன்பக்கமா உள்ள விடுங்களேன்."

"ரிவர்ஸ் இல்லாம உள்ள விட்டா அப்புறம் எப்படி வெளிய எடுக்கறது? மறுபடி ஆயுள் தண்டனைதான்."

ஆகட்டும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இவரைப் பார்த்தார். ரிவர்ஸுக்கான பாகம் இப்போது எங்கேயும் கிடைக்காதாம். "தெருவுலயே நிக்கட்டும்மா."

"அப்போ ஷெட்?" என்றேன்.

"காலியாத்தானே கிடக்கு" என்றார் இவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஜூலை 3

டீச்சரம்மா அளவு கொடுக்க வந்தார். "நல்ல வெளிச்சமா இருக்கே" என்றார்.

ஜூலை 8

பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். எதிரே மரத்தடியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம். அதில் ஒரு பழைய கார் பின்பக்கமாகவே வந்து, ஒரே மூச்சில், அச்சில் வார்த்த மாதிரி நின்றது. ஓட்டியவர் கையை சீட்டின் மேல் போட்டுத் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார். இவர்தான்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பட்டன் வாங்காமலே வந்துவிட்டேன். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இதை எழுத இத்தனை வருஷம் ஆயிற்று.

சாயங்காலம் கேட்டேன், "ரிவர்ஸ் எப்படி இருக்கு?"

"அது எங்க விழுது. விட்டுட்டேன்."

ஜூலை 9

மழைக்கு முன் மூத்தாளுக்கு ஒரு உறை தைத்துவிடலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். முன்பக்கம் விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தாள். "கொஞ்சம் பின்னால எடுங்களேன்" என்றேன், வேண்டுமென்றேதான்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கை கியருக்குப் போனது. நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கதவைத் திறந்து வைத்து, தோளைக் கொடுத்து, மூச்சு வாங்க வண்டியைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானும் அந்தப் பக்கம் போய்த் தள்ளினேன்.