ஞானம் என்று கூப்பிட்ட குரல்

8 யூலை 2025, லின்ஃபீல்ட்
என் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. உள்ளே கிடைக்கும் ஞானமே மீட்பு என்ற பண்டைய ஞானவாதிகளை நான் ஆராயும் சுவிஸ் மனநல மருத்துவர் படித்ததால்தான் அவருக்குக் குரல்கள் கேட்டனவா? குரல் கேட்டதால் அவர்களைத் தேடிப் போனாரா? அவர்களில் ஒருவரின் பெயரிலேயே எழுதியும் இருக்கிறார். பேராசிரியை இன்றும் கேட்டார்: எது முதல்? தெரிந்தால் எழுத மாட்டேனா!

ஒரு ஞாயிறு அந்த மருத்துவரின் வீட்டு வாசல் மணி தானாக அடித்ததாம். வாசலில் ஒருவரும் இல்லையாம். வாசித்துவிட்டு எங்கள் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

11 யூலை
மத்தியானம். என் கணவன் நிரூஜன் வேலைக்குப் போய்விட்டான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஞானம்" என்று ஒரு குரல். சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி. அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். மன்னாரிலிருந்து வந்து மூன்று மாதம், செபமாலையோடு இருந்தார்.

"கூப்பிட்டனீங்களோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

12 யூலை
திரும்பவும். இரண்டு தரம்.

15 யூலை
நாள் முழுக்க நான் எழுதுற சொல்லே என்னைக் கூப்பிடுது. ஐயோ, அம்மாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது? சுவரோட கதைச்சவ. பேய் எண்டு செபம் பண்ணினவை. அப்ப அவவுக்கு முப்பத்தெட்டு. எனக்கு இப்ப முப்பத்தெட்டு. நிரூஜனுக்கு எப்பிடிச் சொல்ல?

16 யூலை
புத்தகங்களைக் கார் டிக்கிக்குள் போட்டுப் பூட்டினேன். அப்பவும் கேட்டது.

19 யூலை
மன்னாரிலிருந்து அப்பாவின் தங்கை, மாமி, கோல் எடுத்தா. அடக்க முடியாமல் சொல்லி அழுதுவிட்டேன். மாமி சொன்னா:

"அது எங்கட ஞானப்பிரகாசமெல்லோ, உன்ர அப்பான்ர தம்பி. பன்னிரண்டு வயசில கடலுக்குப் போனவன், திரும்பேல்ல. அண்ணை பிறகு அந்தப் பேரை வாயில எடுக்கேல்ல."

அப்பாவின் கதவடியில் போய் நின்றேன். அவருடைய உதடுதான் அசைந்தது. அதே சின்னக் குரல்.

எனக்கு ஒன்றுமில்லை! ஒரு நிமிடம் அவ்வளவு சந்தோசம். பிறகுதான் உறைத்தது: கூப்பிட்டது அவருக்கே நினைவில்லை.

2 ஓகஸ்ட்
மறதிக்குப் பார்க்கிற டொக்டர் என்னைக் காட்டி, இது யார் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா மரியாதையாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

9 ஓகஸ்ட்
அத்தியாயம் அப்படியே கிடக்கிறது. இவ்வளவு நாளும் அப்பா என்னை ஞானம் என்று கூப்பிடும்போதெல்லாம் "நான் அனோஜா, அப்பா" என்று திருத்தினேன். ஒவ்வொரு தரமும் பயந்துபோய்ப் பார்ப்பார். இன்று கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"ஞானம்?"

"ஓம் அண்ணை, வந்திட்டன்."