பிள்ளையார் படம் போட்ட ஒன்பது நாடாக்கள்

என் செவிக்குச் சுவை பழக்கியவனே, தியாகு,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவு மலருக்கு வெண்பா ஒன்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். திதியும் பட்சமும் தளைதட்டாமல் அமர்ந்துவிட்டன. நீ மட்டும் அதற்குள் அமரவில்லை. ஆகவே இந்த மடல். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் இதை இரண்டு முறை படிப்பார் என்பதை அறிவேன். அவர் தோளுக்குப் பின்னால் நின்று வேறொருவரும் படிக்கக்கூடும். படிக்கட்டும்.

ஞாயிறு பிற்பகல்களில் ஓர்ஸ் ஹில்லில் நாம் நால்வர் கூடியதை இம்மலரைக் கையில் எடுப்போர் பலர் அறியார். வீட்டுக்காரர் பத்மநாதன், ஓய்வுபெற்ற நிலஅளவையாளர். கிண்ணியாவிலிருந்து வந்து நகரில் துணிக்கடை நடத்தும் நசீர். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நீ. வகுப்பறையில் தமிழ் கற்பித்து, மேடைகளில் முழங்கித் திரிந்த நான். அந்தக் கிழமை வாங்கிய இசைத்தொகுப்பை ஒவ்வொருவரும் மேசையில் வைக்க வேண்டும். வாங்கியதை மறைக்கலாகாது. கடைசிவரை கேட்க வேண்டும். கேட்டபின் ஒரு கிழமைக்கு, அடுத்த ஞாயிறுவரை, இரவல் கொடுக்க வேண்டும். சட்டம் வகுத்தவன் நீ.

வளைகுடாவிலிருந்து திரும்புவோரிடம் நசீர் வாங்குவார். பத்மநாதன் கொழும்பிலிருந்து இசைத்தட்டு வருவிப்பார். நீயோ கப்பற்காரரிடம் பேசிப்பேசி, எங்கும் கிடைக்காத வீணைத் தொகுப்புகளைக் கொண்டுவருவாய். ஒரு சுரம் பிசகினால் உன் புருவம் நெரியும். "இந்த வயலின்காரர் சுதி சேர்க்க மறந்துபோனார் மச்சான்" என்று ஒரு தொகுப்பையே ஒதுக்கி வைத்தவன் நீ. நான் 'ஒலிநாடா' என்று சொல்லும்போதெல்லாம், "கசெற் எண்டு சொன்னா வாய் வெந்துபோமோ?" என்று கேட்பாய்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிறு, அட்டையில் பிள்ளையார் படம் போட்ட மலிவான பக்திப் பாடல் நாடாவை மேசையில் வைத்தாய். அடுத்த ஞாயிறும் அதே படம். மூன்றாம் ஞாயிறும் அதுவே.

"என்ன தியாகு, பிள்ளையார் உங்களை விடுறாரில்ல போல," என்றார் நசீர்.

"ஓம், ஒரு நேர்த்திக்கடன்," என்றாய்.

ஆனால் உள்ளே இருந்தவை பக்திப் பாடல்கள் அல்ல. வானொலியிலிருந்து எடுத்த நாதசுரம், கிழமைக்கு ஓர் இராகமாக. பாட்டு முடியும் தறுவாயில் நீ எழுந்து நாடாவைக் கழற்றிவிடுவாய். நான் இரவல் கேட்டபோது, "இது ஏலாது மச்சான், வேற ஏதும் கேள்" என்றாய். உன் சட்டத்தை நீயே மீறியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

உப்புக்காற்று இரும்பை அரிப்பதுபோல் ஐயம் ஆளை அரிக்கும் காலம் இது. நிலாவெளிப் பேருந்தில் எனக்குப் பின்னால் இருப்பவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருந்தால், அடுத்த தரிப்பில் இறங்கி நடப்பவன் நான். நீ வேலைசெய்த இடத்தில் படையினரின் சீருடைகள் நடமாடின. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் நான் ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சை எவரோ பதிந்து, படியெடுத்து, ஊரில் உலவவிட்டிருந்தார்கள். அதை வைத்திருந்த ஒருவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். அஞ்சினேன். என் குரல் ஊரெங்கும் ஒலிக்கிறதே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் உன்னிடம் மறைப்பானேன்?

பிறகு அந்த ஞாயிறு. வாசல் படலையடியில் யாரோ உன்னைக் கூப்பிட, எழுந்து போனாய். நாதசுரம் முடிந்தது. சற்று இரைச்சல். அதன்பின் என் குரல்: "இந்தக் கடல் யாருடையது என்று கேட்பவர்களுக்கு..." நீ ஓடிவந்து பொத்தானை அமுக்கினாய். உன் முகம் வெளிறியிருந்தது. நாடாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாய்.

நீ போனபின் நான்தான் பேசினேன். "என் பேச்சை இவன் ஏன் சுமந்து திரிகிறான்? எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறான்? இவனுக்கு முன்னால் இனிக் கதையைக் குறையுங்கள்." மூவர் இருந்த அறையில் இவ்வளவுதான் சொன்னேன். நான்கு நாளில் அது உன் வீட்டருகே உள்ள பாலையூற்றுச் சந்திக்குப் போய்ச் சேர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று என்னை மேடைகளில் புகழ்வார்கள்.

காட்டிக்கொடுப்பவன் என்ற பெயர் ஒட்டியவர்கள் வீடு திரும்பாத கதைகள் நம் ஊரில் உண்டு. அதை அறிந்துதான் சொன்னேனா? 

அடுத்த ஞாயிறு நீ வந்தாய். பத்மநாதன் வீட்டுக் கதவைப் பாதி திறந்து நின்றவன் நான். "இன்று ஒருவரும் வரவில்லை," என்றேன். எனக்குப் பின்னால் நசீரின் புதிய தொகுப்பு பாடிக்கொண்டிருந்தது. நீ சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"நல்ல பாட்டு. ரேப் ரெக்கோடரின்ர தலையைத் துடைச்சு விடுங்கோ. சத்தம் மங்கிக் கிடக்கு."

அவ்வளவுதான் சொன்னாய். என்னோடு பழகிய காலமெல்லாம் 'நீ' என்றவன், அன்று 'விடுங்கோ' என்றாய். அதைக்கூட நான் குற்றத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நிலாவெளிப் பேருந்தைச் சோதனைக்கு மறித்து வைத்திருந்த வேளையில், இருக்கையில் இருந்தபடியே உன் நெஞ்சு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டபோதும் நான் வரவில்லை. நசீர் வந்தார். பாடை தூக்கத் தோள் தேட வேண்டியிருந்தது என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், உன் மனைவி புனிதம் நசீரிடம் சொல்லியனுப்பினார்: எனக்கென்று ஒரு பெட்டி இருக்கிறதாம். பொறியோ என்று எண்ணினேன். பாலையூற்றுக்கு வரும் வழியில் இருமுறை திரும்பிப் பார்த்தேன். உன் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, அடுத்த வளவில் யார் நிற்கிறார்கள் என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

"பயப்படாதேங்கோ அண்ணை. கசெற்தான்," என்று அலுமாரியைத் திறந்தார் புனிதம்.

ஒன்பது நாடாக்கள். ஒன்பதிலும் அதே பிள்ளையார்.

"கசெற் அடிச்சு விக்கிற ரெக்கோடிங் பார்க்காரன் உங்கட பேச்சை இந்த அட்டைக்குள்ள ஒளிச்சு வித்தவன். இவர் காணுற நேரமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, அதுக்கு மேல பாட்டு அடிச்சு அழிப்பார். கரண்ட் நிண்டா, பற்றறி இறங்கினா, கடைசியில உங்கட குரல் கொஞ்சம் மிஞ்சும். வாங்கினதை மறைக்கக் கூடாதெண்டு உங்களுக்குள்ள ஏதோ சட்டமாமே. அதுதான் அங்கயும் கொண்டு வந்தவர்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை அவன்?"

"நானும் கேட்டனான். 'அவனுக்குச் சொன்னாப் பயப்பட மாட்டான், சந்தோசப்படுவான். பிறகு இன்னொரு கூட்டம் வைப்பான்' எண்டவர்."

என்னை அவ்வளவு சரியாக எவரும் அளந்ததில்லை, தியாகு. அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. கணவனைக் காப்பாற்ற ஒரு மனைவி கட்டிய கதையாக இருக்கலாமே? ஒன்பதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கடைசிவரை ஓடவிட்டேன். வானொலிக்கு முன்னால் கருவியை வைத்து நீ பதிந்தபடியால், நாதசுரத்துக்குப் பின்னால் குசினியில் பாத்திரம் உருளும் ஓசை. ஐந்தாவதில், பாட்டுத் தொடங்குமுன் நீ செருமுகிறாய். ஒவ்வொன்றின் வாலிலும் என் குரல், அரை வாக்கியம், கால் வாக்கியம். காட்டிக்கொடுப்பவன் சான்றைச் சேர்த்துவைப்பான். நீ அதை அழித்துக்கொண்டிருந்தாய்.

அவ்வளவு முழங்கிய என்னைத் தேடி இதுவரை ஏன் எவரும் வரவில்லை? எல்லாரையும் ஐயுற்ற நான், இந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் ஐயுறவில்லை. என் நல்லூழ் என்றிருந்தேன்.

இங்குள்ள செய்திகளைக் கேள். உன் மகளோடு ரியூசன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் தெருவின் மறுபக்கத்தால்தான் நடக்கிறார்கள். புனிதம் கடைக்குள் நுழைந்தால் கதை நின்றுவிடுகிறதாம். பத்மநாதன் வீட்டில் உன் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. நான் மாறிவிட்டேன் என்று நினையாதே. என் பேச்சை முதலில் பதிந்தவன் யார் என்ற கேள்வி இன்னும் குடைகிறது. சென்ற ஞாயிறு என்னையறியாமலே நசீரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாஸ்டர், இனி என்ட முறையா?" என்று கேட்டார்.

கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இப்படி ஐயுற்றுக் கேட்ட கேள்வியால்தானே உன்னை இழந்தேன்?

நாடாக்களின் வாலில் எஞ்சியிருந்த என் குரலை நானே அழித்துவிட்டேன். உன் வீணைத் தொகுப்பை அதன்மேல் பதிந்தேன். உன் வேலையை முடித்துவைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னுடையதுதான் என்று இந்த மலரில் மறுபடியும் எழுதிவிட்டேன். நீ துடைத்த இடத்திலேயே மீண்டும் கறை வைக்கிறான் என்று கோபிப்பாய். இதனால் எனக்கு வருவது வரட்டும். என்னை மறைத்துக்கொண்டு உன் பெயரைக் கழுவ வழி ஒன்றும் தெரியவில்லை, மச்சான்.

ஆகவே கேள். இந்தக் கிழமை நான் வாங்கியது ஒரு வெற்று நாடா. அந்தியேட்டியன்று உன் வீட்டு முற்றத்தில் நின்று, பாலையூற்றுச் சந்திக்குக் கேட்கும் குரலில் இந்த மடலை வாசிப்பேன். நசீர் அதில் பதிவார். அதை மேசையில் வைப்பேன். கடைசிவரை ஓடவிடுவேன். பிறகு சட்டப்படி, ஒரு வீட்டுக்கு ஒரு கிழமை இரவல் கொடுப்பேன். முதல் வீடு, உன் மகளைக் கண்டு தெரு மாறும் பிள்ளைகளின் வீடு. என் சொல் போய்ச் சேர்ந்த கடைசி வாசல்வரை அது போகும்.

உன்னை வாசலில் நிறுத்திய,
உன் மச்சான்