அண்ணையின் ஊர்ப்பெடியன்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடை கிளினிக்கில் மறந்துபோய்க் கிடந்தது, நனைந்துகொண்டே வேலைக்கு. எக்ஸ்ரே மெஷின் திரும்பவும் பழுது. மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். பல் டொக்டர் உள்ளே பத்திரமாக இருப்பார், பேச்சு வாங்குவது வரவேற்பு மேசையில் இருக்கிற நான்.

மத்தியானம் நகரத்தின் மறுகோடி பிளேஸ்டோவிலிருந்து மச்சாளின் போன். அண்ணையின் மனைவி. வழக்கமாக அரை மணி நேரம் சமையல் கதை, பிறகுதான் விஷயம். இன்றைக்கு நேரே விஷயம்.

"மலர், இவர் ஒன்லைனிலை லொத்தர் விளையாடி வெண்டிட்டாராம். வெள்ளிக்கிழமை காசு கட்டினால் பரிசு வருமாம். நீ கொம்பியூட்டரோடை இருக்கிறனி, அந்த சைட் நல்லதோ எண்டு ஒருக்காப் பார்."

"வெண்டவருக்கு அவங்களெல்லோ குடுக்கோணும், இவர் என்னத்துக்குக் கட்டுறார்?"

"வரியாம். பென்ஷன் காசை எடுக்கப்போறார். நான் சொன்னால் கேக்கிறாரே."

பென்ஷன் காசு. முப்பது வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்று சேர்த்தது. தேத்தண்ணீர் ஆறிப்போனது, குடிக்கவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

மழை இல்லை. குளிர். கால் மேசு இரண்டும் ஓட்டை.

சைட்டைப் பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது, தமிழிலும் வாசிக்கலாம். டிக்கெட் வாங்குவதில்லையாம். எந்த நாட்டு லொத்தரில் எந்த எண் விழும் என்று பந்தயம் மட்டும். அப்படி ஒழுங்கான கம்பனிகளும் உண்டுதான். ஆனால் இது:

– அடியில் லைசென்ஸ் எண். அரசாங்கப் பதிவில் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ பிங்கோ மண்டபக்காரருடையது.

– 'இருபது வருட நம்பிக்கை' என்று கொட்டை எழுத்தில். சைட் தொடங்கி மூன்று மாதம்.

– முகவரி சட்டனில், கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரம். இடைவேளையில் போனேன். முடி வெட்டும் கடை. இந்த மாதம் இப்படிக் கேட்டு வந்த நாலாவது ஆள் நானாம், கடைக்காரர் சிரிக்கிறார்.

– வரி. இந்த நாட்டில் பந்தயத்தில் வென்ற காசுக்கு வரியே இல்லை.

– கடையில் வாங்க: பால், வெந்தயம், மேசு.

எல்லாவற்றையும் படம் பிடித்து அண்ணைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

காலையில் அண்ணையே போன் எடுத்தார்.

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ரை செக்கிங், பிள்ளை. நான் எங்கட முறையிலை விசாரிச்சனான். ஆரின்ரை பிள்ளை, எந்தப் பக்கம் எண்டு. சைட்டிலை கதைக்கிற பெடியன் எங்கட ஊர். அம்மாவின்ரை பேர், ஐயாவின்ரை பேர், அம்மா தபால் கந்தோரிலை வேலை செய்தது, நீ மோர்டனிலை இருக்கிறது, எல்லாம் சொல்லுறான். அந்நியனுக்கு உது தெரியுமே?"

மாப்பிள்ளைக்கு விசாரிப்பதுபோல் சூதாட்ட சைட்டுக்கு விசாரித்திருக்கிறார். சிரிக்கத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் வேலை அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் பிழையாகப் பார்த்துவிட்டேனோ என்றுகூட ஒரு சந்தேகம்.

மத்தியானம் அண்ணையிடம் அவனுடைய நம்பரை வாங்கி நானே எடுத்தேன். இளம் குரல், நல்ல மரியாதை, எங்கள் தமிழ்.

"ஓம் அன்ரி, அங்கிள் சொன்னவர். உங்கட அம்மாவை ஆருக்குத் தெரியாது? மழையெண்டாலும் வெயிலெண்டாலும் ஊர்ச்சனத்தின்ரை கடிதத்தைத் தன்ரை கையாலை கொண்டுபோய்ச் சேர்த்த மனுசியெல்லே."

மழையென்றும் வெயிலென்றும் பாராமல், தன் கையால். அது என் வசனம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் மரண அறிவித்தலுக்காக அழுதழுது நான் எழுதி இணையத்தில் போட்டது. அதை எனக்கே படித்துக் காட்டுகிறான்.

"தம்பி, எங்கட வீட்டிலை எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு பேர்தானே அன்ரி. அங்கிளும் நீங்களும்."

போனை வைத்துவிட்டேன். அறிவித்தலைத் திறந்து பார்த்தேன், அங்கே எல்லாம் இருக்கிறது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், அம்மாவின் வேலை, யார் எந்த நாட்டில் எந்தப் பகுதியில், தொடர்புகளுக்கு அண்ணையின் நம்பர், என் நம்பர். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் போடுகிறோம். ஒரு பெயர் விடுபட்டாலும் கோபம் வந்துவிடும் என்று சகலன் வரைக்கும் தேடித் தேடிச் சேர்ப்போம். கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்? வாசல் திறந்து விளக்கும் ஏற்றிக் கொடுத்தது நான்தான்.

விடுபட்டது ஒரேயொரு பெயர். அக்கா. அண்ணைக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவள். தானே மாப்பிள்ளை தேடிக் கட்டினாள் என்று அண்ணை அவளோடு உறவை வெட்டிவிட்டார். "அவள்ரை பேர் வந்தால் என்ரை பேரை எடு" என்றார். நான் அக்காவின் பெயரை எடுத்தேன். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று என் கையால் எழுதினேன்.

ஊர்க்காரர் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி அவளைப் பற்றித்தான். அதற்குப் பயந்துதான் அண்ணை இங்கே ஒரு கோயில் தேருக்கும் போவதில்லை.

இரண்டு பேர்தானே அன்ரி. இன்னும் காதில் கேட்கிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

லீவு சொன்னேன். வங்கி திறக்க முன் பிளேஸ்டோ. ரெயிலில் இருக்க இடமில்லை.

அண்ணை ஸ்திரி போட்ட சட்டை, சப்பாத்து, கையில் பாஸ்போர்ட் வைத்த பை. வாசலில் நிற்கிறார். லைசென்ஸ், முகவரி, வரி என்று ஒன்றும் நான் பேசவில்லை.

"அண்ணை, அந்தப் பெடியன் அக்காவைப் பற்றிக் கேட்டவனே?"

உள்ளே மச்சாள் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது கேட்டது.

"எங்கட ஊரிலை அக்காவைக் கேக்காத சனம் ஆர் அண்ணை?"

"கேக்கேல்லை," என்றார். பிறகு, "அதுதான் எனக்குப் பிடிச்சது, பிள்ளை. ஊர்ச்சனத்திலை அவளைக் கேக்காமல் என்னோடை கதைச்சது அவன் ஒருத்தன்தான்."

திட்டுவதற்கு வழி முழுக்க யோசித்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். போனில் அறிவித்தலைத் திறந்து நீட்டினேன். கண்ணாடி போடாமல், கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். பிள்ளைகளின் பெயர் இருக்கிற வரியில் நெடுநேரம் நின்றார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

வங்கிக்குப் போகவில்லை. பாஸ்போர்ட்டின் படத்தை ஏற்கெனவே அவனுக்கு அனுப்பிவிட்டாராம். அதை வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவிக்க மச்சாளும் நானும் போனில் இரண்டு மணி நேரம். அண்ணை அவ்வளவு நேரமும் முன்னறையில், டிவி போடாமல். புட்டு சாப்பிட்டேன்.

மாலை: அறிவித்தல் போட்ட இணையத்தளத்துக்கு, நம்பர்களை எடுக்கச் சொல்லி மின்னஞ்சல். பிள்ளைகளின் பெயர் இருக்கிற வரியைத் திருத்த ஏலுமா என்றும் கேட்டேன்.

ஒக்டோபர் 18, சனி

வெயில். உடுப்புக் காயப் போட்டேன்.

பத்து மணிக்கு அண்ணையிடமிருந்து மெசேஜ். "அவள்ரை நம்பர் உன்னட்டை இருக்கே". வேறு ஒன்றும் இல்லை.

இருக்கிறது. யாராவது என் போனைப் பார்த்துவிட்டால் என்று பயந்து 'எக்ஸ்ரே திருத்துபவர்' என்றுதான் இத்தனை நாளும் வைத்திருந்தேன். 'அக்கா' என்று பெயரை மாற்றிவிட்டு அனுப்பினேன்.