இழைப்பு மெஷினில் விழுந்த மூன்று கோடு

என்னை ஒருமுறை பார்த்தால் இழைப்பு மெஷினை மூன்று முறை பார்த்த என் மாமாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம். மரப்பட்டறையை நான்தான் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளுக்குத் துணி வெட்டும் மேசை ஆர்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்து அயர்னிங் யூனிட்டின் ஆவியும் வழக்கம்போல நம் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது.

வேலை முடிந்ததும் பனியன் வேஸ்ட் துணியால் மெஷினின் இரும்புத் தட்டைத் துடைத்து, துரு ஏறாமலிருக்க மெழுகு தேய்த்த பிறகுதான் சாப்பிட வருவீர்கள். சோறு ஆறிப்போகும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நானே தேய்க்கிறேன். என் சோறும் ஆறுகிறது.

ஆனால் ஆயுத பூஜையன்று விபூதியைத் தண்ணீரில் குழைத்து, அந்தத் தட்டில் மூன்று விரலால் பட்டை போட்டுவிட்டேன். சாமிக்கு வைத்ததை உடனே அழிக்கலாமா? ஒரு வாரம் கழித்துத் துடைத்தால் விபூதி போய்விட்டது, துரு மூன்று கோடாக நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பீர்கள்?

அன்றைக்கென்று வெள்ளகோவிலிலிருந்து உங்கள் அண்ணன் வந்து நின்றார். பட்டறையில் பாதி அவர் பங்காயிற்றே. "பொம்பளையாளு மெஷினைப் பாத்துக்க முடியாது அம்மிணி. துரு புடிச்சுருந்தா பழைய இரும்புக்குப் போட்டுரலாம்" என்று போன மாதமே சொல்லியிருந்தார். அவசரமாகத் தட்டின்மேல் ஒரு துணியை இழுத்து மூடினேன். அதுவும் போனால் உங்களை இரண்டாவது தடவை தூக்கிக் கொடுத்த மாதிரிதானே?

மூடியிருந்த துணியை அவரே விலக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். மாதாமாதம் கிருத்திகை விரதம் இருக்கிற மனிதராயிற்றே.

"இரும்புல தானா பட்டை எந்திரிச்சுருக்குதே அம்மிணி. முருகன் வந்து உக்காந்துட்டான்."

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"இதைப் போயி இரும்புக் கடைக்குப் போடறதா? பால் வாங்கியாரச் சொல்லு, அபிஷேகம் பண்ணோணும்."

பால் பட்டால் இன்னும் துரு ஏறிவிடுமே! "இந்தச் சாமிக்குப் பால் ஆவாதுங்க. மெழுகுதானுங்க."

அரை மணி நேரம் பயபக்தியோடு அவரே மெழுகு தேய்த்தார். உங்கள் கை மாதிரியே அவர் கையும் வட்டவட்டமாகப் போனது. நான் திரும்பி நின்று அழுதுவிட்டேன்.

அடுத்த பூஜைக்குப் பட்டை மெஷின் நிற்கும் மரச்சட்டத்தில்தான், இது சத்தியம். அதுவரை அண்ணன் கனவில் போனால் உளறிவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சக்களத்தியோடு ராசியாகிவிட்ட உங்கள் பெண்டாட்டி