கீழே கிடப்பதற்கான பயிற்சி

ஜூன் 4

இன்றும் துணி அறைதான். போர்வை, தலையணை உறை, துண்டு. எல்லாம் மடித்து அடுக்கிவிட்டு நிமிர்ந்தால் பாதிப் பகல்கூடப் போகவில்லை. வார்டில் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு சண்டை, ஒரு சமாதானம், ஒரு காணாமல் போன செருப்பு என்று பொழுது பறந்திருக்கும்.

வார்டுக்கே திரும்ப அனுப்பச் சொல்லிப் பெரிய சிஸ்டரிடம் மறுபடி கேட்டேன். "உன்னை நான் தண்டிக்கலம்மா. அன்னைக்கு நீ அப்படியே விறைச்சுப் போயிட்ட. இன்னொரு தடவை நடந்தா? செப்டம்பர்ல எல்லாருக்கும் தேர்வு வைக்கிறாங்க. மேல ஒருத்தர் விழுந்தா எந்திரிக்கணும், காயம் படாம பிடிக்கணும். தேறிட்டு வா." நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

மனநல வார்டில் பதினான்கு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். பிப்ரவரியில் டிரைவர் அண்ணன் மருந்து வேண்டாமென்று திமிறினார். வார்டு நோயாளி, லாரி ஓட்டியவர், ஆறடி உயரம். கால் வழுக்கி என்னோடு சேர்ந்து விழுந்தார். அடிக்கவில்லை, விழுந்தார், அவ்வளவுதான். அவர் கனம் முழுவதும் என் நெஞ்சில். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து கனமான போர்வை போர்த்தினால்கூட உதறிவிட்டு எழுந்து உட்காருகிறேன்.

ஜூன் 9

ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மல்யுத்தம் மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் தரையிலேயே. கார் பட்டறைக்கு மேல் மாடி, நீல விரிப்பு, பெண்கள் மட்டும். கோச் என்னைவிட ரொம்பச் சின்னவள். "எதுக்கு வந்தீங்கக்கா?" என்றாள். "கீழ கிடந்தா எந்திரிக்கணும்." சிரிப்பாள் என்று நினைத்தேன். "பாதிப் பேர் அதுக்குத்தான் வராங்க" என்றாள்.

உடம்பைச் சூடாக்குவதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிட்டது. மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கி ஒதுக்கி, அப்படியே பின்னால் நகர வேண்டும். இறால் நகர்வது மாதிரியாம். என் ஜோடி ஒரு மருந்துக்கடைக்காரி. ஆளும் கனம், வாயும் கனம். "எனக்கு எறாலைத் தின்னவே பிடிக்காதுக்கா. இதுல எறாலாவே மாறணுமாம்!"

ஜூன் 10

தும்மினால் வயிறு வலிக்கிறது. சிரித்தாலும்.

ஜூன் 21

விரிப்பில் ஒரே சட்டம்தான். முடியவில்லையா, எதிராளியைத் தட்டு. இல்லையென்றால் தரையைத் தட்டு. தட்டிய நொடியில் விட்டுவிடுவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

எனக்கு இருக்கிறது. மருந்துக்கடைக்காரி என் மேல் சாய வரும்போதே என் கை தட்டிவிடுகிறது. "அக்கா, நான் இன்னும் உக்காரவே இல்லையே!" எல்லோரும் சிரித்தார்கள். கோச் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வலிக்குத் தட்டல. இனிமே வரப்போற வலிக்குத் தட்டறீங்க."

குளிக்கும்போது அழுதேன். ஏண்டி, இந்த வயசுல உனக்கு இது தேவையா? தேவைதான். போர்வை மடிக்கவா இத்தனை வருஷம் வேலை கத்துக்கிட்டேன்?

ஜூலை 6

துணி அறையில் ஈர மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைக்காமல் தோளில் தூக்கிப் போகிறேன். லிஃப்ட் இருந்தும் படிக்கட்டில்தான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்; தன் மனைவியே லிஃப்டில் ஏறுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

சாயங்காலம் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே இறால் பழகினேன். மகள் தாண்டிப் போனாள். "அம்மா, நீ மல்லாக்கக் கிடக்கிற கரப்பான்பூச்சி மாதிரி இருக்க. போட்டோ எடுக்கவா?" முறைத்தேன். எடுத்தேவிட்டாள். பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறேன்.

ஜூலை 18

கற்றது: கையை நீட்டி மேலே தள்ளக் கூடாது. கைதான் சோர்ந்துபோகும், மேலே இருப்பவர் அசையமாட்டார். முழங்கையை மடித்து விலாவோடு வைத்துக்கொண்டு ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். நெஞ்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும். மூச்சை இழுக்கப் போராடாமல் முதலில் வெளியே விட வேண்டும்.

தலைக்குத் தெரிகிறது. நெஞ்சுக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மதியம் சாப்பிட்டதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "எம்மேல படுங்க."

"இப்பவா? பொண்ணு வீட்ல இருக்கா."

"ஐயோ, பயிற்சிக்கு! சும்மா கனமாக் கிடங்க. ஒண்ணும் செய்யக் கூடாது."

"அது எனக்கு நல்லா வருமே" என்று கூடத்துத் தரையில் என் மேல் சரிந்தார். சொன்ன மாதிரியே ஒன்றும் செய்யவில்லை. தூங்கிவிட்டார். குறட்டை நேராக என் காதுக்குள்.

பயம் வந்தது. அதே பயம்தான். கை தானாகவே அவர் முதுகைத் தட்டியது. தட்டினேன், இன்னும் தட்டினேன். தூங்குகிற மனிதருக்கு விரிப்பின் சட்டம் எங்கே தெரியும்? தட்டித் தூங்கவைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சுகமாக ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் நன்றாக அமுங்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு வெளியே போனது. போன மூச்சு திரும்பியும் வந்தது! பிறகு அவசரமே இல்லை. முழங்கையை மடித்தேன், ஒருக்களித்தேன், இடுப்பை ஒதுக்கி வெளியே வந்துவிட்டேன். அவர் விழிக்கவே இல்லை. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன்.

செப்டம்பர் 12

தேர்வு. என் மேல் படுத்தவர் வாசல் காவலாளி, நல்ல பாரம். தேறிவிட்டேன். பெரிய சிஸ்டர், "திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்" என்றார். மருந்துக்கடைக்காரிக்குப் போன் செய்தேன். அவள் கத்திய கத்தலில் கடைக்கு வந்தவர்கள் ஓடியிருப்பார்கள்.

செப்டம்பர் 14

வார்டு. அதே வாசனை, அதே சத்தம். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17

இன்று அவராகவே பேசினார். "அன்னைக்கு உங்களுக்கு வலிச்சுதா?"

"வலிக்கலண்ணே. மூச்சு வரல."

தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் வரல. எம்மேல நாலு பேர் இருந்தாங்க."

நான் அதைப் பார்த்தேனே. என் மேலிருந்து அவரை இழுத்தார்கள், குப்புறப் போட்டார்கள், முதுகில் ஏறி அமுக்கினார்கள். நான் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு பார்த்தேன். இத்தனை மாதமும் என் மேல் இருந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் இருந்த நால்வர்? ஒருமுறைகூட நினைக்கவில்லை. எப்படி நினைக்காமல் போனேன்?

செப்டம்பர் 18

பெரிய சிஸ்டரிடம் போனேன். நோயாளியின் முதுகிலும் நெஞ்சிலும் யாரும் ஏறக் கூடாது, பக்கவாட்டில் இருந்தே பிடிக்கலாம் என்றேன்.

"தேறி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள எனக்குப் பாடமா?"

"படுங்க சிஸ்டர், காட்டறேன்."

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். "கதவைச் சாத்து" என்று தரையில் குப்புறப் படுத்தார். முதலில் பழைய முறை: முதுகில் கனத்தை இறக்கினேன், பாதிக் கனம்தான். "எந்திரி, எந்திரி!" எழுந்து உட்கார்ந்து விலாவைத் தடவிக்கொண்டார். பிறகு, "இப்ப உன் முறையில பிடி" என்றார்.

அக்டோபர் 5

டிரைவர் அண்ணனுக்கு இன்று மோசமான நாள். தட்டு பறந்தது, நாற்காலி பறந்தது, கடைசியில் அவரும் விழுந்தார். நாங்கள் மூன்று பேர். ஒருத்தி கால், ஒருவர் இடது கை, நான் வலது பக்கம் தோளோடு அணைத்தபடி. குப்புறக் கிடந்து உதறினார். என் தாடையில் ஓர் இடி.

"இன்னும் எத்தனை பேர் வருவாங்க?" என்று கத்தினார்.

"யாரும் வரலண்ணே. உங்க மேல யாரும் இல்ல. பாருங்க."

தன் முதுகை யாரால் பார்க்க முடியும்? ஆனாலும் அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் தளர்ந்தது. எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, மாத்திரையைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டார்.