இருபதுக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

இன்று அண்ணனின் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது! மூளையில் ரத்தம் அடைத்து அவன் தன் சாவிக் கடையிலேயே சரிந்து விழுந்து எட்டு வாரம். துணி கிளிப் ஒன்றைத் தூக்கி டப்பாவில் போட்டான். பிசியோதெரபிப் பெண் கைதட்டினாள்.

"தினமும் முன்னூறு தடவை சார். விட்டுடாதீங்க. இந்த மூணு நாலு மாசம்தான் மூளை சொன்ன பேச்சைக் கேக்கும்."

"என் பொண்டாட்டிய மாதிரி இல்லையா அப்போ?" என்றான். வாய்தான் கோணல், குசும்பு நேராகவே இருக்கிறது. கை எவ்வளவு அசைகிறது என்பதற்கான மதிப்பெண் அறுபத்தாறுக்குப் பத்தொன்பது. எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் ஆய்வகத்தின் ஸ்டெம் செல்கள், பக்கவாதத்துக்கு மருந்தாக, முதல்முறையாக மனிதர்களுக்குப் போகப் போகின்றன. நான் வளர்க்கிற செல்கள். மைக்ரோஸ்கோப்பில் அவை நூல் நூலாகக் கை நீட்டி ஒன்றையொன்று தேடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஏன் இப்படிப் பைத்தியமாக இருக்கிறேன் என்று.

சோதனையில் சேர்வதற்கான விதியைப் படித்தேன். பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். கை மதிப்பெண் இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அண்ணன் போகிற வேகத்தில் அடுத்த வாரமே இருபதைத் தாண்டிவிடுவான். சேர்க்கை மூன்று வாரம் கழித்து.

மூன்று வாரம்தானே?

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "அண்ணா, கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடு. செல் போட்டப்புறம் சேர்த்துவச்சுப் பண்ணிக்கலாம்."

"அந்தப் பொண்ணு விடவே கூடாதுன்னு சொல்லுச்சே?" என்றாள் அண்ணி.

"இவ அதுலயே கிடக்கிறவ. இவளுக்குத் தெரியாததா?" என்றான் அவன்.

பிசியோதெரபிப் பெண்ணை இனி வர வேண்டாம் என்று நானே போனில் சொன்னேன். இருபது கணக்கை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், "தேறி வர்ற கையை எதுக்குடி நிறுத்தணும்?" என்று கேட்பான்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு தொகுதி செல்லில் கிருமி. அத்தனையையும் கொட்டினோம். சேர்க்கை ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

விடுமுறை நாளிலும் செல்களுக்குச் சத்துநீர் மாற்ற ஆய்வகம் போனேன். இதுவரை ஒரு வேளை தவறியதில்லை. திரும்பும்போது அண்ணன் வீடு. கிளிப் டப்பா அலமாரி மேல் ஏறிவிட்டது. "ஆரம்பிக்கலாமா?" என்று அண்ணி கேட்டாள். சேர்க்கை மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. இத்தனை நாள் பொறுத்ததை இப்போது வீணாக்குவதா? "இன்னும் கொஞ்ச நாள் அண்ணி" என்றேன்.

ஜூன் 5, வியாழன்

பதினான்கு. தேர்வாகிவிட்டான்.

குறைந்த மதிப்பெண்ணுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போன குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். சாயங்காலம் அண்ணன் விளையாட்டாகக் கிளிப்பை எடுக்கப் பார்த்தான். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டு வர மறுத்தன. "தூங்குது போல. உன் செல்லு வந்து எழுப்பட்டும்" என்றான்.

நான் சிரித்தேன். சிரித்தேனே!

ஜூன் 12, வியாழன்

ஊசி போட்டாயிற்று. பாதிப் பேருக்குச் செல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது கடைசியில்தான் தெரியும். பிசியோதெரபிப் பெண்ணை மறுபடி அழைத்தேன். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிப்ரவரி 16, திங்கள்

யாருக்கு எது என்ற பட்டியலை இன்று திறந்தார்கள். அண்ணனுக்குப் போனது உப்புநீர்.

அதோடு போகவில்லை. செல் போனவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சமாவது தேறியவர்கள், இரண்டு பக்கத்திலும், முதல் மாதத்திலிருந்தே விடாமல் பயிற்சி செய்தவர்கள். எட்டு மாதமாக மாடு மாதிரி உழைத்தும் அண்ணன் பதினேழில் நிற்கிறான். போன மார்ச்சில் பத்தொன்பது.

இது எனக்குத் தெரியாதா? மூன்று வருடம் முன்பு எலிகளுக்குச் செல் போட்டபோது, ஒவ்வொன்றும் முன்னங்காலால் எத்தனை தீனி எடுத்தது என்று எண்ணி எழுதியது நான்தானே? பயிற்சி இல்லாமல் சும்மா கூண்டில் கிடந்த எலிகள் தேறவில்லை. என் கையெழுத்திலேயே இருக்கிறது. எலிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போச்சா — தெரிஞ்சுதான் பண்ணினேன். முதல்ல உள்ளே நுழைச்சிடலாம், மத்தது அப்புறம்னு. அவன் கையை நானே மடக்கிட்டேன். நானே.

அவன் கிளிப்பைத் தூக்கிய அந்தப் படத்தை இன்று பதினோரு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எல்லாவற்றையும் சொன்னேன். இருபது கணக்கையும். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் மடங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நான் உப்புக்குச் சப்பாணின்னு சொல்லு" என்றான். அவன் சிரித்தது அதோடு சரி.

"மன்னிச்சிடு அண்ணா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். செல்லுன்னா எனக்கும் ஆசைதானே. ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும்ல?"

அழக்கூட எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுதேன்.

மார்ச் 3, செவ்வாய்

அண்ணி போனை எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தினமும் வேலைக்குப் போகும் முன் ஆறு மணிக்கு அங்கே போய்விடுகிறேன். அண்ணி கதவைத் திறக்கிறாள், பேசுவதில்லை. இன்று முதல்முறையாக எனக்கும் ஒரு காபி வைத்தாள்.

கிளிப்பை அண்ணன் ஒதுக்கிவிட்டான். கடையிலிருந்து பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். தடிமனான சாவி. அதை விரல்களுக்கு நடுவே செருகி, இடது கையால் முட்டுக்கொடுத்து, இப்படி அப்படித் திருப்புகிறான். பாதிதான் திரும்புகிறது. பழையபடி அரம் பிடிக்க வராது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டாள். தெரிந்தும் திருப்புகிறான்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "நூத்து நாப்பது."

"நூத்து முப்பத்தெட்டு" என்றான், நிமிராமல். "இனிமே நானே எண்ணிக்கிறேன். நீ பூட்டைப் பிடி."

பிடித்துக்கொண்டேன்.